கண் ஆராய்ச்சிக்கு வெளிநாட்டு பெல்லோஷிப், மன்னார்குடில இருந்து அப்ளிகேஷன் போட்டா எடுப்பாங்களா?

பாமணி_ஆறு

வணக்கம்ங்க எல்லாருக்கும். ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, இப்பதான் மொத தடவ எழுதுறேன். நான் மன்னார்குடி பக்கத்து கிராமம், மைக்ரோபயாலஜில பிஎச்டி மூணாவது வருஷம் ஓடுது. டாபிக் கண்ணுல வர்ற பூஞ்சைப் புண்ணு, அதான் கருவிழில அடிபட்டு பூஞ்சை ஏறி புண்ணாகி கடைசில பூ விழுந்துடும்பாங்கல்ல, அது.

போன வாரம் எங்க கைடு ஒரு மெயில் பார்வர்ட் பண்ணாரு. கண் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்து இறந்துபோன ஒரு விஞ்ஞானி பேர்ல அவங்க குடும்பமும் வெளிநாட்டுல உள்ள ஒரு சங்கமும் சேந்து குடுக்குற நினைவு பெல்லோஷிப்பாம். ரெண்டு நாட்டு லேப் சேந்து ஒரு வேலைய எடுத்துப் பண்ணணும், ஆறு மாசம் அங்க போய் இருக்கலாம், டிக்கெட், தங்குற செலவு எல்லாம் அவங்களோடது. அவங்க கேக்குறது ரெண்டு பக்கத்துல திட்டம், அங்க உள்ள லேப்ல இருந்து இந்தப் புள்ள வரட்டும்னு ஒரு லெட்டர், நம்ம காலேஜ் லெட்டர் ஒண்ணு, அப்பறம் திரும்பி வந்து என்ன பண்ணுவேன்னு அரைப் பக்கம். கடைசி தேதிக்கு இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு.

எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. எங்க லேப்ல இருக்கறது ரெண்டு மைக்ரோஸ்கோப்பு, ஒரு இன்குபேட்டர், கரண்ட் போனா யூபிஎஸ் இருபது நிமிஷம். பெரிய பெரிய கண் ஆஸ்பத்திரி லேப்ல இருக்கறவங்களோட நான் எப்படிங்க போட்டி போடறது, அப்ளிகேஷன் போட்டா மொதல்ல படிச்சாவது பாப்பாங்களா?

ஏன் இந்த டாபிக்னா, எங்க அப்பாயிக்கு ஒரு கண்ணு கிடையாது. நான் அஞ்சாவது படிக்கிறப்ப களத்துல நெல்லு தூத்திட்டிருந்தப்ப கருக்கா ஒண்ணு கண்ணுல அடிச்சிடுச்சு, எடுத்துட்டோம்னுதான் நெனச்சோம், பக்கத்து வீட்டு அக்கா புள்ள பெத்திருந்துச்சு, அதுகிட்ட தாய்ப்பால் வாங்கி ரெண்டு சொட்டு விட்டாங்க, அடுத்த நாளு நந்தியாவட்டைப் பூவ வெச்சுக் கட்டுனாங்க, மூணாவது நாளு மருந்துக் கடைல கேட்டு ஒரு சொட்டு மருந்து. மொத ரெண்டு நாளு செவப்பு கொறஞ்சு நல்லாதான் இருந்துச்சு, அப்பறம் வெள்ளையா ஒரு புள்ளி, பத்து நாள்ல கண்ணு பூராவும் பால் மாதிரி. அந்த டப்பா பேரு எனக்கு மறக்கவே இல்ல, காலேஜ் சேந்தப்புறம் தேடிப் பாத்தா அது ஸ்டீராய்டு. பூஞ்சை இருக்கற கண்ணுல ஸ்டீராய்டு விட்டா எரியுற போருல மண்ணெண்ணெய் ஊத்துற மாதிரி.

யாராச்சும் இந்த மாதிரி பெல்லோஷிப் வாங்கிப் போனவங்க இருந்தா சொல்லுங்க.

பழைய_லென்ஸ்

தங்கச்சி, நான் திருச்சி. ஆப்டோமெட்ரி படிச்சிட்டு ஆராய்ச்சிப் பக்கம் போயி, இதே மாதிரி ஒரு பெல்லோஷிப்ல பத்து மாசம் வெளில இருந்துட்டு வந்தவன். மொத விஷயம், மன்னார்குடின்னு எழுத வெக்கப்படாதீங்க, உங்க அப்ளிகேஷன்ல பலமே அதுதான்.

ஏன் சொல்றேன்னா, உங்க ஊர்ல இருந்து நூறு கிலோமீட்டர் கூட வராது, இதே திருச்சி ஜோசப் கண் ஆஸ்பத்திரியும் லண்டன்ல உள்ள சர்வதேச கண் நல மையமும் ஆப்பிரிக்கால கானா நாட்டு டாக்டருங்களும் சேந்து 1999ல இருந்து 2001 வரைக்கும் ஒரு வேலை பண்ணாங்க. கருவிழிப் புண்ணோட வந்த 1090 பேரு. ஒவ்வொருத்தர் கண்ணுலயும் சுரண்டி எடுத்து என்ன கிருமின்னு பாத்தாங்க. ரெண்டு ஊரையும் சேத்துப் பாத்தா 42 சதவீதம் பூஞ்சை, அதுலயும் பியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் ரெண்டும்தான் முன்னாடி நிக்குது. பாக்டீரியா மட்டும் ஊருக்கு ஊரு வேற, கானால சூடோமோனாஸ், நம்ம பக்கம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். 2002ல பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழ்ல வந்துச்சு, இன்னைக்கும் பூஞ்சைப் புண்ணப் பத்தி எவன் எழுதுனாலும் அதத் தொடாம போக மாட்டான். அதோட அஸ்திவாரம் நம்ம ஊரு ஆளுங்க கண்ணு.

இன்னொண்ணு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், மதுரை அரவிந்தும் சான்பிரான்சிஸ்கோல உள்ள பிராக்டர் பவுண்டேஷனும் சேந்து பண்ண ட்ரையல். பூஞ்சைக்கு விடுற சொட்டு மருந்துல பழைய நாட்டமைசின் நல்லதா, வெல அதிகமான புது வோரிகோனசோல் நல்லதான்னு 323 பேர்கிட்ட பாத்தாங்க. எல்லாரும் புது மருந்துதான் ஜெயிக்கும்னு நெனச்சிட்டிருந்தப்ப பழைய நாட்டமைசின் ஜெயிச்சுது, அதுவும் பியூசேரியம் இருந்த கண்ணுல வித்தியாசம் நல்லாவே தெரிஞ்சுது. 2013ல ரிசல்ட் வந்துச்சு, 2017ல உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல நாட்டமைசின சேத்தாங்க. ஒரு விஷயம் சும்மா சொல்றேன், அந்த நாட்டமைசினே 1950கள்ல தென்னாப்பிரிக்கா நேட்டால் மண்ணுல இருந்த ஒரு கிருமில இருந்து எடுத்தது, பேரே அதுனாலதான். நம்ம ஊரு மண்ணுல இருந்து வர்ற வியாதிக்கு எந்த ஊரு மண்ணோ மருந்து குடுக்குது பாருங்க.

அந்த பிராக்டரும் நினைவு நிறுவனம்தான். பிரான்சிஸ் பிராக்டர்னு ஒரு கண் டாக்டரு, ட்ரகோமான்னு கண்ணுல வர்ற ஒரு தொத்து வியாதியப் பத்தி வேலை பண்ணிட்டு இறந்துட்டாரு, அவரு சம்சாரம் 1947ல அவரு பேர்ல ஆரம்பிச்சு வெச்சாங்க. இத எதுக்கு சொல்றேன்னா நினைவு பெல்லோஷிப்புன்னா அந்தப் பேருக்கு பின்னாடி ஒரு வேலை இருக்கும். உங்க மெயில்ல இருக்கற விஞ்ஞானி என்ன பண்ணாருன்னு அவரு பேப்பரு நாலஞ்சு எடுத்துப் படிங்க. "மாபெரும் மேதை அவர்கள்"னு புகழ்ந்து எழுதிடாதீங்க, அவரு விட்ட இடத்துக்கும் உங்க கேள்விக்கும் ஒரு நூலு இருந்தா அந்த நூல மட்டும் காட்டுங்க. இல்லன்னா பேசாம விட்டுடுங்க.

ஹோஸ்ட் லேப், அதான் அங்க உங்கள சேத்துக்கற லேப், தேடுறதுக்கு: உங்க டாபிக்ல கடைசி அஞ்சு வருஷம் வந்த பேப்பர எடுத்து அதுல கடைசிப் பேரு யாருன்னு பாத்து (பெரும்பாலும் லேப் தலைவரு அவருதான்) எட்டுப் பேருக்கு எழுதுங்க. எட்டுப் பேருக்கும் ஒரே மெயில் போடாதீங்க, கண்டுபிடிச்சிடுவாங்க. நான் மொதல்ல எழுதுனது "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உலகப் புகழ் பெற்ற ஆய்வகத்தில்"னு ஒரு பக்கம், முப்பது பேருக்கு அனுப்பி ஒருத்தன் பதில் போடல. அப்பறம் ஒரு சீனியர் சொல்லி அஞ்சு வரில எழுதுனேன், நான் யாரு, என்கிட்ட என்ன இருக்கு, உங்க இந்த பேப்பர்ல இந்தப் படத்துல எனக்கு ஒரு சந்தேகம், உங்ககிட்ட இத கத்துக்கணும், அவ்ளோதான். கூட ஒரே ஒரு ஸ்லைடு படம். நாலு நாள்ல பதில் வந்துச்சு.

உங்ககிட்ட நல்ல ஸ்லைடு படம் இருக்கா?

பாமணி_ஆறு

அண்ணே ரொம்ப ரொம்ப நன்றி. படம் இருக்குண்ணே. கேஓஹெச் கரைசல் போட்டு மைக்ரோஸ்கோப்புல பாத்தது, பூஞ்சை இழை குறுக்கும் நெடுக்குமா வைக்கோல் செதறுன மாதிரி கெடக்கும். அப்பறம் வளத்துப் பாத்தப்ப பியூசேரியம் வித்து எடுத்தது ஒண்ணு இருக்கு, அச்சு அசலா கருக்கருவா மாதிரி வளைஞ்சு நடுவுல கோடு கோடா தடுப்பு. மொத தடவ அத பாத்தப்ப எனக்கு சிரிப்பே வந்துடுச்சு, அறுப்பருவாவே கண்ணுக்குள்ள போன மாதிரி.

டிகிரி_காபி

எல்லாரும் வாழ்த்திட்டு போயிடுவாங்க, நான் கொஞ்சம் கசப்பா பேசுறேன், கோச்சுக்காதீங்கம்மா.

சர்வதேச கூட்டு ஆராய்ச்சின்னு சொல்றாங்கல்ல, அதுல பாதி இடத்துல நம்ம வேலை சாம்பிள் அனுப்புறதுதான். நான் கும்பகோணம், ஒரு காலத்துல இதே பூஞ்சைல வேலை பண்ணவன். எங்க லேப்ல மூணு வருஷம் ராத்திரி பகலா ஓடி ஓடி அறுபது ஐசோலேட் (நோயாளி கண்ணுல இருந்து பிரிச்சு வளத்த பூஞ்சை) சேத்தோம், மழைல பைக்ல ஐஸ் டப்பாவ கால்ல இடுக்கிட்டு தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் போயிருக்கேன். வெளிநாட்டு லேப்போட ஒப்பந்தம்னாங்க, எல்லாம் போச்சு. பேப்பர் வந்துச்சு, நல்ல பேப்பர்தான், குத்தம் சொல்ல மாட்டேன், அதுல எங்க பேரு கடைசில நன்றி வரில இருந்துச்சு. சண்டை போடலாமானு கேட்டேன், எழுதி வாங்குனியாப்பான்னாங்க. வாங்கல.

அதுனால மொதல்லயே கேக்குறேன், அங்க போயி நீங்க கத்துக்கப் போற ஒரே ஒரு விஷயம் என்ன? "நவீன தொழில்நுட்பங்கள்"னு சொன்னீங்கன்னா அப்ளிகேஷனே போடாதீங்க. திரும்பி வந்து இங்க உங்க இன்குபேட்டரையும் ஒரு கம்ப்யூட்டரையும் வெச்சு பண்ண முடியுற ஒண்ண சொல்லுங்க.

அப்பறம் சட்டம். இத யாரும் மொதல்ல சொல்ல மாட்டாங்க, பெட்டி கட்டுறப்பதான் தெரியும். பூஞ்சையா இருந்தாலும் அது இந்த நாட்டு உயிர் வளம், 2002 பல்லுயிர் சட்டம் இருக்கு, சென்னைல தேசிய பல்லுயிர் ஆணையம் இருக்கு, அவங்க அனுமதி இல்லாம பெட்ரி டிஷ்ஷ பேக்ல போட்டுக்கிட்டு பிளைட் ஏற முடியாது. நோயாளி சம்பந்தப்பட்ட எதுவா இருந்தாலும் உங்க காலேஜ் எத்திக்ஸ் கமிட்டி வேணும், அதுக்கு மேல வெளிநாட்டோட சேந்து பண்ற மருத்துவ ஆராய்ச்சின்னா ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், வழியா சுகாதார அமைச்சகத்து ஸ்கிரீனிங் கமிட்டி இருக்கு. அதெல்லாம் ரெண்டு வாரத்துல கெடைக்கிற பேப்பர் இல்ல.

என்னக் கேட்டா சாம்பிள கொண்டுபோகாதீங்க. டிஎன்ஏ இங்கயே எடுங்க, சீக்வென்சிங், அதான் டிஎன்ஏ எழுத்து வரிசைய எடுக்கறது, நம்ம நாட்டுலயே காசு குடுத்து பண்ணுங்க, அங்க போயி அந்த டேட்டாவ எப்படிப் படிக்கிறதுன்னு கத்துக்குங்க. பூஞ்சை உங்க ப்ரிட்ஜுலயே இருக்கட்டும், அவங்களுக்கு வேணும்னா அவங்க இங்க வரட்டும். டேட்டா பகுந்துக்கறதுக்கும் அனுமதி வேணுமான்னு கேட்டு எழுத்துல வாங்கி வெச்சுக்குங்க. பேப்பர்ல பேரு எந்த வரிசைல வரும்னு போறதுக்கு முன்னாடியே மெயில்ல ஒரு வரி வாங்கிடுங்க. கேக்க கூச்சமாத்தான் இருக்கும்.

பழைய_லென்ஸ்

டிகிரி அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. நான் மேல சொன்ன ரெண்டு வேலைலயும் நம்ம ஆளுங்க பேரு உள்ள இருக்கு, கேள்வியும் பாதி இங்க இருந்து போனது. எல்லா இடத்துலயும் அப்படி நடக்கறதில்லங்கறது வாஸ்தவம்.

தாளடி

நான் படிச்சவன் இல்ல, பிளஸ்டூதான், அறுப்பு மெஷின் ரெண்டு ஓடுது, நீடாமங்கலம் பக்கம். மச்சான் லிங்க் அனுப்பி படிச்சேன். ஒரு விஷயம் கேக்கலாமா, தப்பா இருந்தா விட்டுடுங்க.

பாப்பா நீங்க களத்துல தூத்துறத பத்தி சொன்னீங்க, அது உங்க அப்பாயி காலம். இப்ப யாரு களத்துல மொறத்த புடிச்சுக்கிட்டு நிக்கிறா? பெல்ட் வண்டி எறங்கி அறுத்து அடிச்சு டிராக்டர்ல கொட்டிடுது. இப்ப கண்ணுல விழுறது எங்கன்னா டிபிசில, அதான் அரசாங்கம் நெல்லு வாங்குற கொள்முதல் நிலையத்துல. நீங்க கொள்முதல் நிலையத்துக்கு சம்பா அறுப்பு நேரம் ஒரு நாளு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் வந்து நின்னு பாருங்க. தூத்துற மெஷின்ல கூடைய கூடையா கொட்டுவாங்க, அந்தப் பக்கம் பதரும் தூசியும் சொனையும் பொகை மாதிரி கெளம்பும், காத்து திரும்பிச்சுன்னா நிக்கிறவன் மூஞ்சி பூராவும் அதான். சாக்கு புடிக்கிறவன், எடை போடுறவன், மூட்டை தூக்குறவன் எல்லாருக்கும் கண்ணு மெளகாப் பழம் மாதிரி இருக்கும். கண்ண கசக்குறது அந்த நெல்லு தொட்ட கையாலதான். அப்பறம் வைக்கோல் கட்டுற மெஷின், அதுல வர்ற தூசி இன்னும் மோசம், மழைல நனஞ்ச வைக்கோலா இருந்தா கருப்பா பூத்துப்போயி இருக்கும். என் வண்டி டிரைவர் ஒருத்தன் போன வருஷம் வைக்கோல் குத்தி இருவது நாளு கெடந்தான், பொழச்சிக்கிச்சு கண்ணு, மணிக்கு ஒரு தடவ சொட்டு மருந்து ஊத்தச் சொன்னாங்களாம், வெள்ளையா மாவு மாதிரி இமைல ஒட்டிக்கும், குலுக்கிட்டு ஊத்தணும்னு அவன் பொண்டாட்டிதான் ராத்திரி அலாரம் வெச்சு ஊத்துச்சு. பேரு தெரியல, நீங்க சொல்ற அந்த நாட்டு ஏதோவாதான் இருக்கும்.

கண்ணாடி போடச் சொல்லி குடுத்தாங்க ஒரு தடவ. வேர்வைல மூடிக்குது, பத்து நிமிஷத்துல நெத்திக்கு ஏத்திடுவானுங்க, சாயங்காலம் பாத்தா புள்ளைங்க வெளையாட வீட்டுக்கு எடுத்துட்டு போயிடும்.

வெளிநாட்டுல போயி படிக்கிறது நல்லதுதான் பாப்பா, ஆனா அதுக்கு முன்னாடி இங்க வந்து பாத்துட்டு போங்க.

பாமணி_ஆறு

அண்ணே, உண்மையிலயே நான் இத யோசிக்கவே இல்ல. என் திட்டத்துல "நெல் அறுவடை செய்யும் விவசாயிகள்"னுதான் எழுதி வெச்சிருக்கேன், பழைய பேப்பர்ல எல்லாம் அப்படித்தான் இருக்கும். எங்கிட்ட வர்ற சாம்பிள் சீட்டுல தொழில்னு போட்ட இடத்துல "கூலி"ன்னு மட்டும் இருக்கும், நானும் வயல்வேலைன்னு நெனச்சுக்கிட்டேன். அதுல எத்தன பேரு டிபிசி ஆளுங்களோ.

பழைய_லென்ஸ்

தங்கச்சி, உங்க கேள்வி கெடைச்சாச்சு, இத விட்டுடாதீங்க.

டிபிசி தூசில எந்தப் பூஞ்சை இருக்கு, அங்க வேலை பாக்குறவங்களுக்கு புண்ணு வந்தா அந்தக் கண்ணுல எந்தப் பூஞ்சை இருக்கு, ரெண்டும் ஒரே வகையான்னு மட்டும் பாத்தா பத்தாது, ஒரே குடும்பமான்னு மரபணு அளவுல பாக்கலாம். அத படிக்கிறதத்தான் அங்க போயி கத்துக்கணும். டிகிரி அண்ணன் கேட்ட ஒரே ஒரு விஷயத்துக்கு பதிலும் இதுதான்.

தடுக்குறதப் பத்தியும் ஒரு பத்தி வைங்க. நேபாளத்துல பக்தபூர்ல ஒரு வேலை பண்ணாங்க, 2001ல வந்துச்சு, கண்ணுல கீறல் பட்ட ஒடனே குளோராம்பெனிகால் களிம்பு மூணு நாளைக்குப் போட்டாங்க, 18 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தருக்குக் கூட புண்ணு வரல. எல்லாரும் ஆஹான்னாங்க. அப்பறம் அதே நேபாளத்துல ஊரு ஊரா ஆளு போட்டு, மருந்து குடுக்குற ஊரு குடுக்காத ஊருன்னு பிரிச்சு பெருசா ஒரு ட்ரையல் பண்ணப்ப ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் வரல. ஏன் வரலன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அடிபட்டவன் அந்த நேரத்துக்குள்ள வர்றானாங்கறதுதான் விஷயம்னு எனக்குத் தோணுது. தாளடி அண்ணன் சொல்ற டிபிசில எல்லாரும் ஒரே எடத்துல நிக்கிறாங்க, அடிபட்ட நேரம் தெரியும், யாருன்னு தெரியும். வயல்ல செதறிக் கெடக்கறவங்கள தேடறத விட இது எவ்ளோ சுலபம்.

முதல்_பெஞ்ச்

நான் ஒரு காலேஜ் ஆபீஸ்ல இந்த மாதிரி பைல் எல்லாம் அனுப்புற வேலை பாத்தவ, இப்ப ரிட்டயர்டு, தஞ்சாவூர்ல இருக்கேன். ஆராய்ச்சி பத்தி எனக்குத் தெரியாது, பேப்பரப் பத்தி சொல்றேன் கண்ணு.

மொதல்ல பாஸ்போர்ட் இருக்கா? இருந்தா இனிஷியல் எப்படி இருக்குன்னு எடுத்துப் பாரு. நம்ம புள்ளைங்களுக்கு எப்பவும் இதுல ஒரு வில்லங்கம். சர்நேம் எடத்த காலியா விட்டிருப்பாங்க, அமெரிக்கா விசா போட்டா உன் பேரத் தூக்கி சர்நேம் எடத்துல போட்டுட்டு பேரு எடத்துல எப்என்யூன்னு அடிச்சுடுவாங்க, பேரு தெரியலன்னு அர்த்தமாம், அப்பறம் அங்க பேங்க்ல இருந்து ஐடி கார்டு வரைக்கும் நீ எப்என்யூதான். ஒரு பையன அவன் லேப்ல எல்லாரும் பினு பினுன்னு கூப்புட்டாங்களாம். டிகிரி சர்டிபிகேட்டுல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல ஒரு பேருன்னு இருந்தா இப்பவே சரி பண்ணு. தஞ்சாவூர்லயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கு, திருச்சிக்கு ஓட வேண்டாம்.

ரெண்டாவது, காலேஜ் லெட்டர். கடைசி வாரம் போயி நிக்காத. நான் இருந்த எடத்துலயே ஒரு பொண்ணு லெட்டர் கேட்டு நின்னுச்சு, கையெழுத்து போடறவரு ஊர்ல இல்ல, இன்சார்ஜ் போடமாட்டேன்னாரு, கடைசி நாளு ராத்திரி பதினொண்ணரைக்கு கையெழுத்து வந்துச்சு, ஸ்கேன் பண்ண கரண்ட் இல்ல. அதுக்கப்பறம் என்ன ஆச்சுன்னு சொல்லல, நீயே புரிஞ்சுக்க. லெட்டர நீயே அடிச்சு எடுத்துட்டு போ, ஆறு மாசம் லீவு குடுத்து திரும்பி சேத்துக்குவோம்னு ஒரு வரி கட்டாயம் இருக்கணும், பிஎச்டி பதிவு அறுந்து போகாதுன்னு யுனிவர்சிட்டில தனியா கேட்டு வாங்கு. உனக்கு ஸ்டைபண்ட் வருதுன்னா அந்த ஆறு மாசம் வருமா நிக்குமான்னும் கேளு.

விசா பத்தி ஒரு வார்த்த. அமெரிக்கான்னா ஜே ஒண்ணு விசாவாத்தான் இருக்கும், அதுல அரசாங்கப் பணம் கலந்திருந்தா ரெண்டு வருஷம் ஊர்ல வந்து இருந்தாதான் அப்பறம் வேல விசா தருவாங்க. நீ திரும்பி வர்ற புள்ள, உனக்கு கவலை இல்ல, ஆனா தெரிஞ்சு வெச்சுக்க.

இது ஒண்ணு மட்டும் நம்பி இருக்காத. பிஎச்டி பண்றவங்களுக்கு புல்பிரைட் நேரு ஆறு மாசத்துல இருந்து ஒம்பது மாசம் வரைக்கும் இருக்கு, இங்கிலாந்துக்கு காமன்வெல்த் ஸ்ப்ளிட் சைட் ஒரு வருஷம் வரைக்கும் இருக்கு. ஒரே திட்டத்த கொஞ்சம் கொஞ்சம் மாத்தி மூணுக்கும் போடலாம்.

அப்பறம் டிகிரி காபி தம்பிக்கு: கூட்டு ஆராய்ச்சி எல்லாம் இன்னைக்கு நேத்து வந்ததில்லப்பா. எங்க ஊரு சரஸ்வதி மகால்ல சரபோஜி மகாராஜா காலத்து கண் நோயாளிங்க குறிப்பு இருக்கு, நோயாளிங்க கண்ண கலர்ல வரைஞ்சு, என்ன வியாதி என்ன வைத்தியம்னு எழுதி வெச்சிருக்காங்க, அவரு காலத்துல நம்ம வைத்தியமும் ஐரோப்பா வைத்தியமும் ரெண்டும் பாத்தாங்க. அவரு 1832ல போயிட்டாரு. அப்ப நன்றி வரில யாரு பேரு போட்டாங்கன்னு தெரியல.

டிகிரி_காபி

அம்மா அது ராஜா வீட்டு பேப்பரு, அதுல ராஜா பேருதான் மொதப் பேரு 😄

பாமணி, இன்னொரு விஷயம் விட்டுப்போச்சு, தேதி. அவங்க எப்ப வேணாலும் ஆரம்பிக்கலாம்னு போட்டிருப்பாங்க, நம்ம பசங்க ஒடனே ஜூன் ஜூலைன்னு எழுதிடுவாங்க. நீங்க அறுப்ப பாத்து எழுதுங்க. தை மாசி சம்பா தாளடி அறுப்பு, டிபிசி ஓடுற நேரம், அப்ப நீங்க இங்க இருக்கணும். மார்ச் கடைசில கெளம்பி கைல டேட்டாவோட அங்க போனா செப்டம்பர் கடைசில திரும்பிடலாம், குறுவை அறுப்பு அப்பதான் சூடு புடிக்கும், கத்துக்கிட்டு வந்தத ஒடனே அந்த சீசன்லயே போட்டுப் பாக்கலாம். அரைப் பக்கம் திரும்பி வந்து என்ன பண்ணுவேன்னு கேக்குறாங்கல்ல, மத்தவங்க எல்லாம் "என் நாட்டுக்கு சேவை செய்வேன்"னு எழுதுவாங்க, நீங்க "அக்டோபர் மொத வாரம் குறுவை அறுவடை, இந்த ரெண்டு கொள்முதல் நிலையம்"னு எழுதுங்க. எவனாச்சும் அத ஒதுக்குவானா பாப்போம்.

பாமணி_ஆறு

எல்லாருக்கும் ஒரு அப்டேட். பதினெட்டு நாளா இந்தப் பக்கம் வரல, வேலையா இருந்தேன்.

எட்டுப் பேருக்கு எழுதுனேன். அஞ்சு வரி, கூட அந்த அருவா படம். நாலு பேரு பதில் போடல, ரெண்டு பேரு இப்ப எடமில்லன்னு ரொம்ப மரியாதையா சொல்லிட்டாங்க, ஒருத்தரு ஐசோலேட் அனுப்ப முடியுமான்னுதான் மொதக் கேள்வியே கேட்டாரு (டிகிரி அண்ணே, உங்களத்தான் நெனச்சேன்), அவருக்கு இங்க அனுமதி வேணும், டேட்டாவா பண்ணலாமான்னு எழுதுனேன், அதோட சரி. ஒரு அம்மா, வயசானவங்க போல, அவங்க மட்டும் டிபிசின்னா என்ன, எத்தன பேரு வேலை பாப்பாங்க, தூசி எப்படி வருதுன்னு கேட்டு ஒரு பக்கம் எழுதிருக்காங்க. வீடியோ கால்ல பேசலாம்னாங்க. பேசுறப்ப கரெக்டா கரண்ட் போயிடுச்சு, போன் ஹாட்ஸ்பாட் போட்டுக்கிட்டு மொட்டை மாடில நின்னு பேசுனேன், பின்னாடி மயில் கத்துது, அது என்ன சத்தம்னு கேட்டாங்க. லெட்டர் தர்றேன்னு சொல்லிட்டாங்க. பேரு வரிசையப் பத்தி கேட்டேன், கை நடுங்கிச்சு, "நியாயமான கேள்வி, மெயில்ல எழுதிடுறேன்"னாங்க, எழுதியும் அனுப்பிட்டாங்க.

எத்திக்ஸ் கமிட்டிக்கு பைல் போட்டாச்சு. காலேஜ் லெட்டர நானே அடிச்சு குடுத்துட்டேன்மா, கையெழுத்து புதன்கிழமைன்னு சொல்லிருக்காங்க, புதன்கிழமை வாசல்லயே உக்காந்துடுவேன். பாஸ்போர்ட்ல சர்நேம் காலியாத்தான் இருக்கு, அப்பா பேர போட்டு மாத்தறதுக்கு அப்பாயின்மெண்ட் எடுத்துட்டேன்.

அப்பாயிகிட்ட சொன்னேன் வெளிநாடு போனாலும் போவேன்னு. "எதுக்குடி"ன்னுச்சு. கண்ணு பத்தி படிக்கத்தான்னேன். "எங்கண்ணு போனது களத்துல, நீ எங்கயோ போயி தேடுறியே"ன்னு சொல்லிட்டு வெத்தலைய மடிக்க ஆரம்பிச்சிடுச்சு.

தாளடி அண்ணே, உங்க பக்கத்து டிபிசி இப்ப ஓடுதா? தூசி எடுக்க எட்டு பிளேட் ரெடி பண்ணி வெச்சிருக்கேன், தூத்துற மெஷின் பக்கத்துல ரெண்டு, எடை போடுற எடத்துல ரெண்டு, சாக்கு அடுக்குற எடத்துல ரெண்டு, வெளில ரோட்டுல நெல்லு காயுற எடத்துல ரெண்டு. தொறந்து வெச்சு பத்து நிமிஷம், அவ்ளோதான், யாருக்கும் தொந்தரவு இருக்காது.

தாளடி

ஓடுது பாப்பா. நாளன்னைக்கு லாரி வருது, கூட்டமா இருக்கும், அதுக்கு அடுத்த நாளு வாங்க. காலைல ஏழரைக்கெல்லாம் மெஷின் போட்டுடுவாங்க, நீடாமங்கலம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி போன் பண்ணுங்க, பையன வண்டி எடுத்துட்டு வரச் சொல்றேன். சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வெச்சிட்டேன், காலேஜ் கார்டு மட்டும் எடுத்துட்டு வாங்க.

தலைல துணி கட்டிக்கிட்டு வாங்க, கண்ணாடியும் போட்டுக்குங்க.